எங்கள் தீவின் கரண்டும் இரண்டு பெரிய நாடுகளும்

நெடுந்தீவு உறவுகள் (யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் இருப்போரும் வெளியே இருப்போரும் பேசும் குழு)
2025 ஏப்ரல் 6, ஞாயிறு

கனடா மாமா: மோடி அனுராதபுரத்திலிருந்து நேரே ராமேஸ்வரம் போய் பாம்பன் புதுப் பாலத்தைத் திறந்திருக்கிறார், பார்த்தீர்களா? நேற்றுக் கொழும்பில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இனிச் சீனன் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

கொழும்பு அண்ணா: அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியிடவே இல்லை மாமா. வாசிக்காத கடதாசிக்கு எப்படி நிம்மதி வரும்?

கனடா மாமா: அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடத்துக்குச் சீனனுக்குத் தூக்கிக் கொடுத்தார்களே, அதை மட்டும் வாசித்துவிட்டா கொடுத்தார்கள்?

கொழும்பு அண்ணா: அதுவும் பிழைதான். 2017இல் 112 கோடி டொலருக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காசு துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தபோது வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள், அதாவது கடன் பத்திரங்கள். சீனனை மட்டும் திட்டினால் கொழும்பில் கையெழுத்துப் போட்டவர்கள் தப்பிவிடுவார்கள்.

சின்னக்கா: நான் ஒன்று சொல்கிறேன். 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றது நாங்கள். அப்போது 400 கோடி டொலர் அளவுக்கு உதவியது இந்தியா. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில் வந்தன. அதை மறக்கக் கூடாது.

நான்: மறக்கவில்லை அக்கா. அந்தப் பால்மா எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆனால் எங்கள் தீவின் கரண்ட் கதையை யோசித்துப் பாருங்கள். 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்சாரம் என்று ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொழும்பு வேலையைக் கொடுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து 50 கிலோமீட்டர் அளவில் சீனர்கள் வந்து இருப்பதை டில்லி விரும்பவில்லை. டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் நிறுத்தப்பட்டது என்று அறிவித்துவிட்டு, மாலைதீவில் 12 தீவுகளுக்கு இதே வேலையைச் செய்யப் போகிறோம் என்றும் சொன்னது. 2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது அது இந்திய நன்கொடையாக மாறியது. 1.1 கோடி டொலர். 2024 மார்ச் 1 அன்றுதான் பெங்களூர் நிறுவனத்தோடு கையெழுத்து. சூரிய ஒளியில் 1700 கிலோவோட், காற்றில் 530, பற்றரியும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான், கடனாக இல்லாமல் நன்கொடையாக வருவது இன்னும் நல்லது. ஆனால் முதலில் கொடுத்தபோதும், பிறகு எடுத்தபோதும், திரும்பக் கொடுத்தபோதும் தீவில் இருக்கிற ஒருவரிடமாவது கேட்டார்களா?

பெரியப்பா: என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை பிள்ளை. இங்கே இன்றைக்கும் டீசல் ஜெனரேற்றர்தான். கடல் குழம்பினால் டீசலும் வராது, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகும் போகாது.

கனடா மாமா: அண்ணை, சீனன் வந்திருந்தால் இந்தியா எங்களை எதிரியாகப் பார்த்திருக்கும். அதையும் யோசிக்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான்.

பெரியப்பா: அதை நான் மறுக்கவில்லை. என் அப்பா காலத்தில் ராமேஸ்வரம் போய் வருவது பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி. சீனத் தூதுவரும் அந்த 2021 டிசம்பரில் வேட்டி கட்டி நல்லூருக்கு வந்தார், பார்த்தோம். அவரை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு சீனக் கம்பனியை ஒரு வருடத்துக்குள் எழுப்பி அனுப்பத் தெரிந்த டில்லிக்கு, கடலடியை வாரி, எங்கள் வலையையும் அறுத்துக்கொண்டு போகிற தமிழ்நாட்டுப் படகுகளின் இழுவைமடியை நிறுத்தத் தெரியாதா? எங்கள் நாட்டில் 2017இல் சட்டமே போட்டுத் தடுத்தாயிற்று. இரவில் கரையில் நின்றால் அந்தப் படகுகளின் வெளிச்சம் தெரியும். அதுவும் பாதுகாப்புத்தானே, எங்கள் பாதுகாப்பு.

சின்னக்கா: பெரியப்பா சொல்வது சரி. அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழர்கள், கடனில் வாங்கிய படகு. நம் நேவி பிடித்தால் அவர்கள் வீட்டிலும் அழுகைதான். இருந்தாலும் எங்கள் வலை எங்கள் வலைதான்.

நான்: இதைத்தான் சொல்ல வந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் இந்தியாவின் பக்கம்தான் சாய்வேன், மொழியும் கடலும் அப்படி. ஆனால் சாய்வது வேறு, வாயை மூடிக்கொண்டு நிற்பது வேறு. எங்கள் ஜனாதிபதி கடந்த டிசம்பரில் டில்லி போனார், இந்த ஜனவரியில் பெய்ஜிங் போனார். இரண்டு இடத்திலும் பேசட்டும், சின்ன நாட்டுக்கு வேறு வழியில்லை. ஆனால் எங்கள் தீவைக் கையில் வைத்துப் பேரம் பேசுவதென்றால் என்ன பேசினீர்கள் என்று முதலில் எங்களுக்குச் சொல்ல வேண்டும். டில்லிக் கூட்டறிக்கையில் மூன்று தீவுத் திட்டத்தையும் உரிய காலத்தில் முடிப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். எது அந்த உரிய காலம்?

கொழும்பு அண்ணா: கேட்கலாமே. 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தத் திட்டத்தைப் பார்க்கிற நிலைபெறுதகு வலு அதிகார சபைக்கு ஒரு விண்ணப்பம், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும்.

நான்: என்ன கேட்பது?

கொழும்பு அண்ணா: எப்போது முடியும், நெடுந்தீவுக்கு மட்டும் எத்தனை கிலோவோட், பழுதானால் யார் திருத்துவது, தீவுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையில் பயிற்சி உண்டா. நாலு கேள்வி போதும். எழுதித் தந்தால் நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கனடா மாமா: சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு ஏதும் வந்தால் நான் பார்க்கிறேன்.

பெரியப்பா: என் பெயரில் எழுது பிள்ளை. தீவில் இருக்கிறவன் கேட்டதாக இருக்கட்டும். இழுவைமடியையும் அதில் சேர்.

கொழும்பு அண்ணா: அது கடற்றொழில் திணைக்களம் பெரியப்பா. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

பெரியப்பா: அப்படியென்றால் இரண்டு எழுது. நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்புகிறேன், கரண்ட் இருக்கும்போதே போனைச் சார்ஜில் போடுகிறேன்.