ஆட்டிசத்துக்கு மருந்து தேடற அமைப்புக்கு காசு போடலாமுங்களா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
வணக்கமுங்க. நமக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை, பேருக்குத்தான் கேரளா, வீட்ல கடைவீதில எல்லாம் தமிழ்தான். பையனுக்கு ஏழு வயசு, மூணரை வயசுல கோயமுத்தூர்ல காட்டுனப்ப ஆட்டிசம்னு சொன்னாங்க. பெரியப்பா பையன் அமெரிக்கால இருக்கான், ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் ஆனா வாசல்ல நீல லைட்டு போட்டு போட்டோ அனுப்புவான், ஆட்டிசம் ஸ்பீக்ஸ்னு அங்க பெரிய அமைப்பாம், அதுக்கு வாக்கத்தான் எல்லாம் போயி காசு சேர்த்தறான். இந்த வருசம் "நீயும் கொஞ்சம் போடு, நாளைக்கு மருந்து வந்தா உம்பையனுக்குத்தானே"ன்னான். சரி என்னதான்னு தேடிப்பாத்தா ஆட்டிசம் இருக்கற பெரியவங்களே அந்த அமைப்ப கிழிகிழின்னு கிழிச்சிருக்காங்க, எங்களுக்கு க்யூரே, அதாவது குணமாக்கற மருந்தே வேண்டாங்கறாங்க. எனக்கு கொழம்பிப் போச்சு. எம்பையன் மோட்டார் போட்டு தொட்டில தண்ணி விழுகற சத்தம் கேட்டா கையத் தட்டிட்டு குதிப்பான், அத நிறுத்தத்தான் மருந்துன்னா எனக்கு வேண்டாமுங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எதுக்குன்னே தெரியாம அழுவறப்ப மருந்துன்னு ஒண்ணு இருந்தா அப்பவே குடுத்துருவேன். உங்களுக்கெல்லாம் என்ன தோணுது?

வேலந்தாவளம்காரன்:
அக்கா, எனக்கே ஆட்டிசம்தான், 26 வயசுலதான் தெரிஞ்சுது, அதுவரைக்கும் ஊர்ல எம்பேரு 'மண்டைக்கனம்'. எதுக்கு திட்டறாங்கன்னு கேட்டீங்கல்ல, அந்த அமைப்பு 2005ல ஆரம்பிச்சது, பாப் ரைட்டும் அவரு சம்சாரம் சூசனும், பேரனுக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சு. நோக்கம் நல்லதுதான். ஆனா 2009ல ஒரு வீடியோ போட்டாங்க பாருங்க, ஆட்டிசமே பேய்க்குரல்ல பேசி உங்க குடும்பத்த அழிச்சுருவேன்னு மிரட்டற மாதிரி. அத ஒரு ஆட்டிசம் பையன் பாத்தா என்ன நெனைப்பான்? எங்கம்மாவுக்கு நாந்தான் அந்தப் பேயான்னு நெனைக்க மாட்டானா? எதிர்ப்பு வந்து எடுத்துட்டாங்க. ஜான் எல்டர் ராபிசன்னு ஆட்டிசம் இருக்கற ஒருத்தரு அவங்க அறிவியல் குழுவுல இருந்தாரு, அவரும் 2013ல போதுஞ்சாமின்னு வெளிய வந்துட்டாரு. அப்புறம் 2016ல அவங்க நோக்கத்துல இருந்தே க்யூருங்கற வார்த்தைய எடுத்தாங்க. அதுனால உங்கண்ணன் சொல்ற 'மருந்து கண்டுபுடிக்கற' கதை பழைய கதைங்க.
ஆட்டிசம் இருக்கற ஜிம் சின்க்ளேர்னு ஒருத்தரு 1993லயே பெத்தவங்க கூட்டத்துல சொன்னாரு, நீங்க எதிர்பார்த்த கொழந்தைக்காக அழுவுங்க, ஆனா எங்களுக்காக அழுவாதீங்கன்னு. அதப் படிச்சன்னைக்கு ரூம சாத்திட்டு அழுதேன், அது வேற விசயம்.

மூலிகைச் செம்மல்:
பரம்பரை மருந்து இருக்கு, 48 நாள்ல பேச்சு வரும். இன்பாக்ஸ் வரவும்.

வேலந்தாவளம்காரன்:
இவரு சுகர் த்ரெட்லயும் இதேதான் போட்டாரு.

மீனாட்சிபுரத்தான்:
தம்பி கோவிச்சுக்காதீங்க. நீங்க பத்தி பத்தியா டைப் பண்றீங்க, வேலைக்கும் போறீங்க போல. எம்பையனுக்கு 17 வயசு, ஒரு வார்த்தை பேச்சு கெடையாது, பிக்ஸ், அதான் வலிப்பு வேற வரும், கோவம் வந்தா தலைய செவுத்துல முட்டிக்குவான், நானும் அவங்கம்மாவும் சேர்ந்து புடிச்சாலும் ஆகறதில்ல. எனக்கு 58 ஆச்சு. க்யூருங்கற வார்த்தை தப்புன்னு சொல்றவங்க ஒரு வாரம் எங்கூட்டுல வந்து இருந்து பாக்கட்டும். அவன மாத்தணும்னு எனக்கு ஆசையில்ல, வலிச்சா எங்க வலிக்குதுன்னு காட்டத் தெரிஞ்சா போதும். போன வருசம் பல்லு வலிக்கு பதினோரு நாள் தலைய முட்டிட்டிருந்தான், பல்லுன்னு எங்களுக்குத் தெரியல. அதுக்கு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணா நான் மாட்ட வித்தாவது காசு குடுப்பேன்.

வேலந்தாவளம்காரன்:
அண்ணா, கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க கேக்கற ஆராய்ச்சியத்தான் நாங்களும் கேக்கறோம், பிக்ஸ், தூக்கம், வலி, பேச முடியாதவங்க எப்படி சொல்றதுன்னு. பொறக்கறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு எங்கள இல்லாம பண்ற வேலைக்கு மட்டும் காசு போகக்கூடாதுங்கறோம். பல்லு மேட்டர் மனசு கஷ்டமா இருக்குங்கண்ணா.

பொள்ளாச்சி டீச்சர்:
ஸ்பெஷல் எஜுகேட்டர் நான், ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. ஒரே மருந்துல சரியாகும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, ஆட்டிசத்தோட சம்பந்தப்பட்ட ஜீன் நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொரு பையனுக்கும் காரணமே வேற வேற. ரிஸ்பெரிடோன்னு மாத்திரை தர்றாங்களே, அது கூட ஆட்டிசத்துக்கு இல்ல, அதோட வர்ற மூர்க்கத்துக்கும் எரிச்சலுக்கும்தான், அமெரிக்கால 2006ல அதுக்குத்தான் அனுமதி குடுத்தாங்க. உடம்பு ஊதும், டாக்டர் கண்காணிப்பு கண்டிப்பா வேணும்.
எனக்கு கோவம் வர்றது எதுலன்னா, க்யூருங்கற ஆசைய வெச்சு சம்பாதிக்கறவங்க மேல. வேக்பீல்டுன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1998ல 12 கொழந்தைங்கள வெச்சு தடுப்பூசியாலதான்னு எழுதுனாரு, 2010ல அத போட்ட லான்செட் மருத்துவ இதழே வாபஸ் வாங்குச்சு, இன்னைக்கும் ஊசி போட மாட்டேங்கற அம்மாக்கள் எங்கிட்ட வர்றாங்க. அந்த ஆட்டிசம் ஸ்பீக்ஸே தடுப்பூசிய ஆராயறேன்னு காச விடுதுன்னு சொல்லி அலிசன் சிங்கர்ங்கற அம்மா 2009ல வெளியேறி தனியா ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. இங்க அதே மாதிரி ஸ்டெம் செல் சிகிச்சைன்னு காசு புடுங்கறாங்க. ஆட்டிசத்துக்கு அத பரிந்துரைக்கக் கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லியாச்சு, ஆனாலும் எங்கிட்ட வந்த ஒரு குடும்பம் தோப்ப அடமானம் வெச்சு பண்ணிட்டு வந்து நின்னுச்சு.
கொழிஞ்சாம்பாறை அக்கா, உங்க பக்கம் இன்னொண்ணு நடக்கும், வீட்ல தமிழு ஸ்கூல்ல மலையாளம், அதான் பேச்சு வரல, ஒரு பாஷைய விடுங்கன்னு சொல்லுவாங்க. விடாதீங்க, ரெண்டு பாஷையால ஆட்டிசம் கொழந்தைக்கு பேச்சு கெட்டுப்போகும்னு ஆதாரம் கெடையாது. பாட்டிகூட பேச தமிழு வேணுமில்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தர்ற யூடிஐடி கார்டு எடுத்தாச்சா? நிராமயா இன்சூரன்ஸ்ல வருசத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் உண்டு, தெரபிக்கும் கெடைக்கும், மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட்ல பதியணும். மீனாட்சிபுரம் அண்ணா, பட கார்டு வெச்சு வலிய காட்ட பழக்கலாம், 17 வயசுலயும் முடியும், நாக்கு, பல்லு, வயிறுன்னு நாலே படத்துல ஆரம்பிங்க.

மீனாட்சிபுரத்தான்:
அந்த பட கார்டு எங்க கெடைக்குங்க?

பொள்ளாச்சி டீச்சர்:
வாங்க வேண்டாம், அவன் பல்ல, அவன் வயித்தையே போன்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணுங்க.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. கார்டு எடுத்தாச்சு, நிராமயா தெரியாது, திங்கக்கெழம விசாரிக்கறேன். அண்ணன்கிட்ட கேட்டேன், அந்த காசு எந்த ஆராய்ச்சிக்கு போகுதுன்னு, பாத்துச் சொல்றேன்னான். அதுவரைக்கும் அந்த ஆயிரத்த நம்ம பஞ்சாயத்து நடத்தற, இந்த மாதிரி கொழந்தைங்க படிக்கற பட்ஸ் ஸ்கூலுக்கு ஊஞ்சல் கயிறு மாத்த குடுத்துட்டேன், அறுந்து ரெண்டு மாசமாச்சு. தொட்டி நெறைஞ்சிருச்சு, அவன் குதிக்கற சத்தம் கேக்குது, போயி மோட்டார நிறுத்தோணும்.