கடல்நீர்ப் பம்புக்கும் முந்திரி அடுப்புக்கும் ஏற்ற கலப்பு வார்ப்பிரும்பு எது?

குளச்சல் லேத்:
குளச்சலில் பட்டறை நடத்துகிறேன். விசைப்படகுகளிலிருந்து பழுதுக்கு வரும் கடல்நீர்ப் பம்புக் கேசிங்குகள் (வெளிக்கூடுகள்) பார்வைக்கு வடிவம் குலையாமல் இருந்தாலும், பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் கரிபோல் உதிர்கின்றன. முந்திரி ஆலைகளின் வறுவல் அடுப்பில் போடும் வார்ப்பிரும்புக் கம்பிகளோ நீண்டு வளைந்து, பொருக்குத் தட்டி உடைகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே உலோகம் உண்டா?

வார்ப்படம்:
இல்லை, அண்ணாச்சி. நீங்கள் சுரண்டியது வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கரியான கிராஃபைட்டேதான். உப்புநீர் இரும்பை மட்டும் கரைத்துவிட, கிராஃபைட் அப்படியே நிற்பதால் வடிவம் மாறாததுபோல் தெரிகிறது. உள்ளே சுழலும் இம்பெல்லர் வெண்கலமாக இருந்தால் கேசிங் இன்னும் விரைவாக அரிக்கப்படும். இதற்கு நை-ரெசிஸ்ட் எனப்படும் ஆஸ்டெனைட் (காந்தம் அவ்வளவாகப் பிடிக்காத இரும்புப் படிக அமைப்பு) வார்ப்பிரும்பே தக்கது: ஏறத்தாழ 20 விழுக்காடு நிக்கலும் 2 விழுக்காடு குரோமியமும் கொண்ட வகை போதும். அதிலும் கிராஃபைட் உருண்டையாக அமைந்த டக்டைல் வகையைக் கேட்டு வாங்கினால் அடியும் தாங்கும். லேத்தில் கடைவதற்கும் தொல்லை தராது. வார்ப்பு வந்தவுடன் காந்தம் வைத்துப் பாருங்கள். சாதாரண இரும்பைப்போல் வலுவாகப் பிடித்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

உலைக்களம்:
அடுப்புக் கம்பிக்கு நிக்கல் வீண்செலவு. சூட்டில் சாதாரண வார்ப்பிரும்பின் பியர்லைட் அமைப்பிலுள்ள கார்பைடு (இரும்பும் கரியும் சேர்ந்த சேர்மம்) சிதைந்து கிராஃபைட்டாக மாறும்போது கன அளவு கூடுகிறது. கிராஃபைட் இதழ்களின் வழியே காற்றும் உட்புகுந்து இரும்பை ஆக்சைடாக்குவதால் கம்பி மேலும் வளர்கிறது. சிலிக்கானை 5 அல்லது 6 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் அமைப்பு ஃபெர்ரைட்டாக (கரி மிகக் குறைந்த இரும்புப் படிகமாக) ஆகிவிடும், சிதைவதற்குக் கார்பைடு இராது, மேற்பரப்பில் சிலிக்கா படலமும் காக்கும். 800 டிகிரி செல்சியஸ் வரை இது தாராளம். அதற்கு மேல், 1000 டிகிரியை நெருங்கும் அடுப்பென்றால், 30 விழுக்காடு குரோமியம் சேர்ந்ததை நாடலாம். ஆனால் அது மிகக் கடினமானது என்பதால் துளைகளை வார்க்கும்போதே விடச் சொல்லுங்கள். சிலிக்கான் வகை ஆறிய நிலையில் எளிதில் நொறுங்கும், திடீர்க் குளிர்ச்சியையும் பொறுக்காது.

முட்டம் மெக்கானிக்:
சிறு படகுக்காரர்களிடம் நை-ரெசிஸ்ட் விலையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சாதாரண வார்ப்புடன், இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியைப் பொருத்தி, அது கரையக் கரைய மாற்றி வருவதே கட்டுப்படியாகும். கேசிங் பழுதானால் பல நாள் தொழில் முடங்கும் பெரிய படகுகளுக்குத்தான் நிக்கல் செலவு ஈடாகும்.

குளச்சல் லேத்:
நன்றி. ஆலையில் மாலைதோறும் தணலின்மேல் தண்ணீர் ஊற்றித்தான் அணைக்கிறார்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுப்பின் சூட்டையும் அளந்த பிறகே சிலிக்கான் கம்பிக்கு ஆர்டர் கொடுக்கிறேன்.