பாம்பு வளைவு மைக்ரோமிக்சர்: சிமுலேஷனில் கலக்கிறது, சிப்பில் கலக்கவில்லை

வளைதடம்:
இரண்டு திரவங்களை நுண்ணிய சேனலில் கலக்க ஒரு மைக்ரோமிக்சர் செய்தேன். பிடிஎம்எஸ் (ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர்) சிப்பில் ஒய் வடிவ நுழைவு, அப்புறம் பாம்பு போல வளையும் சேனல். அகலம் 200 மைக்ரோமீட்டர், ஆழம் 100, வளைவின் ஆரம் 400, மொத்த நீளம் 20 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஃப்ளோரசீன் (ஒளிரும் சாயம்), மறுபக்கம் நீர். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர். சிமுலேஷனில் கடைசியில் 95% கலந்துவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பிலோ வெளிவாசல் வரை இரண்டு பட்டை தெரிகிறது, நடுக்கோடு மட்டும் கொஞ்சம் மங்கல். ஓட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் நன்றாகக் கலக்கிறது, ஆனால் அந்த வேகம் எனக்குப் போதாது. வளைவுகளைக் கூட்டட்டுமா?

மெதுவோட்டம்:
கூட்டினாலும் நீளம்தான் கூடும். உங்கள் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 8.3 மில்லிமீட்டர். ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் ஓட்டத்தின் உந்தம் எவ்வளவு என்பது) 1.1, டீன் எண் (வளைவில் குறுக்குச் சுழலின் வலிமையைக் காட்டுவது) 0.5-க்கும் கீழே. வளைவில் சுழல் கிளம்ப டீன் எண் இதைவிடப் பல மடங்கு வேண்டும். இப்போதைக்கு அது நேர்ச் சேனல் மாதிரிதான்.

மிஞ்சுவது விரவல் (டிஃப்யூஷன், மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது) மட்டும். ஃப்ளோரசீனின் விரவல் குணகம் சுமார் 5×10⁻¹⁰ மீ²/நொடி. 100 மைக்ரோமீட்டர் நகரவே ஏறத்தாழ 10 நொடி ஆகும். உங்கள் திரவம் சேனலில் இருப்பது 2.4 நொடி. ஓட்டத்தைக் குறைத்தால் கலப்பதும் அதனால்தான். மிக மெதுவாகவும் கலக்கும், மிக வேகமாகவும் கலக்கும். நீங்கள் நிற்பது நடுப்பள்ளத்தில்.

வளைதடம்:
சரி, அப்படியானால் சிமுலேஷன் ஏன் 95% காட்டுகிறது?

மெதுவோட்டம்:
மெஷ் (சிமுலேஷன் சேனலைப் பிரிக்கும் கட்டங்கள்) எவ்வளவு? கணக்கிடும் முறை முதல்வரிசை அப்விண்டா (ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுக்கும் எளிய முறை)?

வளைதடம்:
ஆமாம். 5 மைக்ரோமீட்டர் கட்டம்.

மெதுவோட்டம்:
அதுதான். அந்த முறையில் போலி விரவல் (கணக்குப் பிழையால் தோன்றும் கலப்பு) தோராயமாக வேகம் × கட்ட அளவு ÷ 2. கணக்குப் போட்டால் 2×10⁻⁸, நிஜத்தைப் போல 40 மடங்கு! ஓட்டம் கட்டத்துக்குச் சாய்வாகப் போகும் வளைவுகளில் இது மோசம். மெஷ்ஷைப் பாதியாக்கி, இரண்டாம் வரிசைக்கு மாற்றிப் பாருங்கள். விடை நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த 95-ஐ நம்பாதீர்கள்.

பள்ளக்கோடு:
இந்த ஓட்டத்துக்கு ஹெரிங்போன் (மீன்முள் போன்ற) பள்ளங்களே சரி. 2002-இல் ஸ்ட்ரூக் குழு வெளியிட்ட வடிவம். சேனல் தரையில் வி வடிவப் பள்ளங்கள், முனை நடுவில் இல்லாமல் அகலத்தின் மூன்றில் ஒரு பங்கில், சில பள்ளங்களுக்கு ஒருமுறை அந்த முனை மறுபக்கம் மாறும். திரவம் குறுக்கே புரண்டு, மடிந்து மடிந்து மெல்லிய அடுக்குகளாகும். நேர்ச் சேனலில் கலப்பு நீளம் பெக்லே எண்ணோடு (விரவலைவிட ஓட்டம் எத்தனை மடங்கு வேகம் என்பது) நேராக ஏறும் (உங்களுக்கு 3,300 வாக்கில்). இதில் அதன் மடக்கையோடுதான் (லாகரிதம்) ஏறும். சிப்பை வார்க்கும் எஸ்யூ-8 (ஒளியால் இறுகும் பிசின்) அச்சில் இரண்டு அடுக்கு, இரண்டு மாஸ்க் (ஒளியை மறைக்கும் வடிவத் தகடு) வேண்டும், ஒன்றுக்கொன்று நேராக வைப்பதுதான் தொல்லை. முனை மாறாமல் எல்லா வி-யையும் ஒரே மாதிரி வைத்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

இன்னொன்று: மேலிருந்து பார்க்கும் படம் ஆழம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகளும் கலந்தது போலத் தெரியும். கான்ஃபோகல் (ஆழம் ஆழமாகப் பிரித்துக் காட்டும் மைக்ரோஸ்கோப்) கிடைத்தால் குறுக்குவெட்டைப் பாருங்கள்.

வளைதடம்:
கடைசியில் சாயத்துக்குப் பதில் ஆல்புமின் என்ற புரதம் விட வேண்டும். அதே நீளம் போதுமா?

பள்ளக்கோடு:
அதன் விரவல் குணகம் சுமார் 6×10⁻¹¹, அதாவது எட்டு மடங்கு மெதுவு. பள்ளங்கள் இருந்தால் நீளம் எட்டு மடங்காக வேண்டாம், மடக்கை காப்பாற்றும். சாயத்துக்குப் போதும் என்று வரும் நீளத்தைவிட ஓரளவு கூட்டிப் போடுங்கள்.

வளைதடம்:
பள்ளங்களில் காற்றுக்குமிழி மாட்டாதா?

மெதுவோட்டம்:
மாட்டும். முதலில் எத்தனால் விட்டு நனைத்து, அப்புறம் நீரை மெதுவாக விட்டு அதை வெளியேற்றுங்கள். புரதம் விடுமுன் எத்தனால் முழுதும் போயிருக்க வேண்டும்.