மீள்நீரா, மீட்புநீரா?

வணக்கம்ங்க.

நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரைக் குழாய்வழியே தென்னந்தோப்புகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை விரிவாக்க அறிக்கை எழுதும்போது, "சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்" என்பதை வரிக்கு வரி இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சின்னச் சொல் வேண்டும் என்ற நம் பேச்சில் ஐயா முன்மொழிந்த "மீள்நீர்" காதுக்கு இனிமை. ஆனால் பாசனத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பாயும்போது ஒரு பங்கு கசிந்து, கீழ்ப்புறக் கிணறுகளுக்கும் ஓடைக்கும் திரும்பி வருகிறது. மீள்நீர் என்றால் அதுதான், தானாக மீள்வது. நிலையத்துத் தண்ணீர் தானாக மீளவில்லை. காற்றடித்து, கசடு இறக்கி, குளோரின் போட்டு நாம் மீட்கிறோம். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. நீர்க்கணக்கு அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருமே, அங்கே ஒரே பெயர் இருந்தால் கணக்கே புரளும்.

"மறுசுழற்சி நீர்" திருப்பூருக்குப் பொருந்தும். 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, சாயப்பட்டறைகள் சவ்வு வடிகட்டியில் பிரித்த தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே எடுக்கின்றன. சுற்று அங்கேயே மூடிவிடுகிறது. நம் தண்ணீர் ஒருமுறை மண்ணுக்குப் போனால் நிலையத்துக்குத் திரும்பாது.

"தெளிநீர்" கட்டாயம் வேண்டாம். நம் கொங்குப் பக்கம் தெளுவு என்றால் பதநீர். அந்த ஒலியில் ஒரு சொல்லைக் குழாயில் எழுதினால் வெயிலில் வருகிறவர் வாய் வைத்துக் குடித்துவிடுவார்.

என் முன்மொழிவு: மீட்புநீர். கோவை வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய்கள் ஏற்கெனவே உண்டு. மூன்றாவதுக்கும் அதே மாதிரி வாயில் நிற்கும் பெயர் வேண்டும். "மீட்புத் தண்ணி" நிற்கும். மீட்புநீர்க் குழாய், மீட்புநீர்த் தொட்டி என்று ஒட்டவும் செய்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே ஊதாக் குழாய் பதிக்கிறார்கள். நாமும் ஊதாவில் "மீட்புநீர் – குடிக்கக் கூடாது" என்று மீட்டருக்கு மீட்டர் அச்சிடலாம்.

*

மறுமொழி:

மீட்புநீர் எனக்குச் சம்மதம்ங்க. ஒரு திருத்தம் மட்டும்: அறிக்கையில் முதலில் வரும் இடத்திலேயே உப்பளவைச் சேர்த்து எழுதுங்கள். உப்பளவைக் காட்டும் மின்கடத்தல் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் (dS/m) இருந்தால் எந்தப் பயிருக்கும் தடையில்லை. 0.7 முதல் 3 வரை பயிர் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். தென்னை தாங்கும், வாழையும் மஞ்சளும் முகம் சுளிக்கும். 3-ஐத் தாண்டினால் மண்ணே கெடும். வடிகால் இல்லாத களிமண்ணில் இன்னும் சீக்கிரம்.

விரிவாக்கக் கணக்கை இப்படி வைக்கலாம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. கோடையில் மரத்துக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 7,000 லிட்டர். நாளைக்கு 10 லட்சம் லிட்டர் மீட்புநீர் வந்தால் 140 ஏக்கருக்கு ஆகும் என்று தோன்றும். வடிகட்டி கழுவவும், வேர்ப்பகுதி உப்பைக் கீழே இறக்கவும் 15 சதவீதம் ஒதுக்கினால் 120 ஏக்கர்தான். அதற்குமேல் இணைப்புக் கொடுத்தால் சித்திரையில் கடைசித் தோட்டம் காயும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாம், நிலையம் நிற்காது. 30 நாள் தேக்கினாலே 3 கோடி லிட்டர். அதற்கு 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் குளம் வேண்டும். இந்த இடத்தை முதலிலேயே ஒதுக்காத திட்டம் மழைக்காலத்தில் ஓடையில்தான் திறந்துவிடும்.

இருக்கும் குழாயையே நீட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை ஆபத்தானது. ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு 3.6 மடங்கு. நீளமும் இரட்டித்தால் 7 மடங்குக்கு மேல். பம்பை மட்டும் பெரிதாக்கினால் தலைப்பில் இணைப்பு வெடிக்கும், கடைசியில் சொட்டாது. இணையாக இரண்டாவது குழாய் போடுவதே வழி. நல்ல தண்ணிக் குழாயோடு வால்வு வைத்துக்கூட இணைக்கக் கூடாது. வால்வு ஒரு நாள் கசியும். அவசரத்துக்கு நல்ல தண்ணி விட வேண்டுமென்றால் தொட்டிக்கு மேலே காற்றிடைவெளி விட்டு விழச் செய்யுங்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. குழாய் முடிந்து தண்ணீர் தேங்கும் கடைசிப் பகுதிக்கு "முட்டுமுனை" என்று வைக்கலாமா? மீட்புநீர்த் திட்டங்களில் தொல்லை தொடங்கும் இடம் அதுதான். அங்கே குளோரின் தீர்ந்து, குழாய்ச் சுவரில் வழுவழுப்பு படரும். முனை மூடியைத் திறந்தால் முதலில் கறுப்பாகச் செதில் செதிலாக வரும், முட்டை அழுகிய வாடை அடிக்கும். அந்தச் செதில்தான் மரத்தடியில் சொட்டுநீர் விடும் சொட்டுவானை அடைக்கிறது. மணல் வடிகட்டியும் 120 மெஷ் தட்டு வடிகட்டியும் தலைப்பில் இருந்தாலும் இது குழாய்க்குள்ளேயே வளர்வது, வடிகட்டியால் பிடிக்க முடியாது. முட்டுமுனைதோறும் கழுவு வால்வு வைத்து, தெளிவாக வரும்வரை திறந்துவிட வேண்டும். கழுவிய தண்ணீரைத் தென்னம்பாத்திக்கே திருப்பலாம்.

"முட்டுச்சந்து" எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் முட்டுமுனை புரியும் என்று நினைக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் வரைபடம் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.