மலையில்லாக் கரையில் மழை எங்கே இறங்குகிறது?

ஆனி, ஆடியில் பாம்பன் பாலத்தில் நின்றவர்களுக்குக் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் வேகத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காற்று, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே குளிர்ந்து, ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுவதால், ராமநாதபுரம் கரையில் நம் தலைக்கு மேல் மேகம் ஓடுமே தவிரப் பெரும்பாலும் பெய்யாது. ஆவணி, புரட்டாசியில் கச்சான் தளரும் மாலைகளில் மட்டும், உள்ளே நுழையும் கடற்காற்று அதனோடு முட்டும் இடத்தில், கமுதி, பரமக்குடிப் பக்கம் இடிமழை கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசிக்குப் பிறகு கணக்கு வேறு. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து, பின்னிரவில் வடகடலின் (பாக் நீரிணைப் பக்கக் கடல்) மேல் கரைக்கு இணையாக நீளும் மின்னல் வரிசையைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரவில் குளிரும் நிலத்திலிருந்து வெளியேறும் தரைக்காற்றும் கடலிலிருந்து வரும் வாடையும் (வடகிழக்குக் காற்று) எதிரெதிரே சந்திக்க, வேறு வழியின்றிக் காற்று மேலெழுகிறது. மலை செய்யும் வேலையை இங்கே காற்றே செய்துகொள்கிறது. விடியற்காலையில் அந்த வரிசை கரையேறிக் கொட்டும்போது, உச்சிப்புளியைத் தாண்டினால் சாலை காய்ந்து கிடப்பதும் உண்டு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே மேகப் படம் காட்டும் கைபேசிச் செயலியை இதனாலேயே நான் நம்புவதில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் பெய்தது. மேகங்கள் கலைந்து நகராமல் தீவின் மேலேயே அடுத்தடுத்து எழுந்துகொண்டிருந்ததால் பாம்பனும் தங்கச்சிமடமும் வெள்ளக்காடாயின. மாவட்டத்தின் உட்பகுதிகளில் பெய்தது அதில் ஒரு சிறு பங்குதான்.

இதைப் படித்துத் தொண்டியிலிருந்து மற்றொருவர் எழுதியது:

ஐயா சொல்வது எங்கள் கரைக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வலுவான கிழக்குக் காற்று வீசும் நாட்களில் எங்களுக்குத் தூறலோடு கடந்துபோகும் ஈரம், தெற்கே மாஞ்சோலை மலையில் முட்டி, 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊத்து, நாலுமுக்குத் தோட்டங்களில் விடாமல் பெய்கிறது. முட்டுவதற்கு மலை இல்லாத எங்களுக்கு, காற்றின் வலுவைவிட அது எங்கே தடைபட்டுக் குவிகிறது என்பதே முக்கியம். கடலின் மேல் தடையின்றி வரும் காற்று கரையைத் தொட்டதும் மரங்களிலும் வீடுகளிலும் உராய்ந்து வேகம் குறைந்து, பின்னால் வருவது அதன்மேல் நெருக்கி அதை மேலே தள்ளுவதால்தான், கரையோரத் தெருக்கள் நனையும் அளவுக்கு, உள்ளே தள்ளியிருக்கும் திருவாடானை நனைவதில்லை. ஆகவே, வாடை சீராக அடிக்கும் நாளைவிட, திசை மாறித் தயங்கும் நாளில்தான் நான் வலையையும் கருவாட்டையும் முன்கூட்டியே உள்ளே எடுத்து வைப்பேன்.