ஏர் ஆம்புலன்ஸ் பணியில் உயிரிழந்தவர்கள்: நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

இரவு ஷிப்ட் நர்ஸ்:

நான் ஏர் ஆம்புலன்ஸில் நர்ஸ். எங்கள் தளத்தில் பணியின்போது இறந்த குழுவின் நினைவு நாள் வருகிறது, இந்த முறை ஏற்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமான நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று தெரியும்: மௌனம், மலர்வளையம், பேச்சு, குழுப் புகைப்படம். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவர்களை நேரில் பார்த்ததே இல்லை, அதனால் தேவதைகள், வானத்து வீரர்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இறந்த பாராமெடிக்கை எனக்கு நன்றாகத் தெரியும், தன்னைப் பற்றி யாராவது அப்படிப் பேசினால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மருந்துப் பையின் ஜிப்பை யாராவது பாதி மூடிவிட்டுப் போனால் தேடிப் பிடித்துத் திட்டுகிற ஆள் அவர். ராத்திரி, கையுறையோடு, ஆடிக்கொண்டே இருக்கிற கேபினில், பேச்சு காதில் விழாத இரைச்சலில், எந்த மருந்து எங்கே என்று கை தானாகப் போக வேண்டும் இல்லையா, அதற்காகத்தான் அந்தத் திட்டு. மூச்சுக்குழாய் செட்டை எப்போதும் இடது பக்கப் பையில்தான் வைக்க வேண்டும் என்று அவர் போட்ட சட்டத்தை இன்றைக்கு வரைக்கும் யாரும் மாற்றவில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு அது யார் போட்ட சட்டம் என்றுகூடத் தெரியாது.

மேடையில் இதெல்லாம் வருவதில்லை. அதனால் கேட்கிறேன். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போனவர்கள், நடத்தியவர்கள், குடும்பத்தினர் யாராவது இங்கே இருந்தால் எது மனசுக்கு ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று சொல்லுங்கள்.

கன்ட்ரோல் ரூம் காது:

சிஸ்டர், எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. வயர்லெஸில் 'கடைசி அழைப்பு' வைப்பீர்களா என்று தெரியவில்லை, பல இடங்களில் வைக்கிறார்கள். இறந்த குழுவின் அழைப்புப் பெயரைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிடுவார்கள், பதில் வராது, மறுபடி கூப்பிடுவார்கள், அப்புறம் அவர்கள் பணி முடிந்தது என்று அறிவித்துவிட்டு அந்த அழைப்புப் பெயருக்கே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும், சரி.

ஆனால் கூப்பிடுகிறவர் யார் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஹெலிகாப்டர் பறக்கிற நேரம் முழுக்க, குறித்த இடைவெளியில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் எழுதிக்கொண்டே இருப்போம். நேரத்துக்குக் குரல் வரவில்லை என்றால் முதலில் நாம் கூப்பிட வேண்டும். அப்புறம் வேறு அலைவரிசை. அப்புறம் பைலட்டின் போன். அப்புறம் போய் இறங்க வேண்டிய ஆஸ்பத்திரிக்கு அடித்து 'ஹெலிபேடில் சத்தம் கேட்கிறதா' என்று கேட்போம், அங்கே இருப்பவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து 'இல்லையே' என்பார். இதற்கெல்லாம் ஒரு தாள் இருக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு எது என்று. அந்தத் தாளை வரிசையாக டிக் அடித்துக்கொண்டு போன கை என்னுடையது.

பிறகு நினைவு நிகழ்ச்சியில் கடைசி அழைப்பையும் என்னையே செய்யச் சொன்னார்கள், அதுதான் பொருத்தம் என்று நினைத்து, மரியாதையாகத்தான். நான் மறுத்துவிட்டேன். பதில் வராத அழைப்பை நான் ஏற்கெனவே அழைத்துவிட்டேன் என்று சொன்னதும் மேற்பார்வையாளருக்குப் புரிந்தது, அவரே செய்தார். என்னோடு வேலை செய்யும் இன்னொருவர் வேறொரு சம்பவத்தில் 'நானேதான் செய்வேன், வேறு யாரும் செய்யக் கூடாது' என்று பிடிவாதமாகச் செய்தார், அவருக்கு அது தேவையாக இருந்தது. ஆக, முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

தீவுவாசி:

பேச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு உதாரணம். 1957 செப்டம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மோசமான வானிலையில் ஒரு ஹெரான் ரக ஏர் ஆம்புலன்ஸ் விழுந்து விமானக் குழுவினர் இருவரும் நர்ஸும் இறந்தார்கள். நர்ஸ் ஜீன் கென்னடி, கிளாஸ்கோ ஆஸ்பத்திரியிலிருந்து இந்தப் பறப்புகளுக்குத் தன்னார்வமாக வந்தவர்களில் ஒருவர். அந்த ஹெரான்களுக்குப் பெரிய பெரிய மருத்துவ மேதைகளின் பெயர்தான் வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஒரு ஹெரானுக்கு 'சிஸ்டர் ஜீன் கென்னடி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு மறுபடி நோயாளிகளை ஏற்றப் போயிருக்கிறது பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மரியாதை இல்லை.

அதே ஸ்காட்லாந்தில் 2005 மார்ச்சில் ஒரு சிறுவனை ஏற்றிக்கொண்டு வரப் போன விமானம் கேம்பல்டவுன் அருகே கடலில் விழுந்தது, பைலட்டும் பாராமெடிக்கும் போனார்கள். நோயாளியை ஏற்றுவதற்கு முன்பே விழுகிறவையும், இறக்கிவிட்டுத் தளத்துக்குத் திரும்பும்போது விழுகிறவையும் நிறைய. ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தால் செய்தியிலும் நாலு வரிதான்.

பழைய பைலட்:

நான் பறப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, அதனால் யாருக்கும் பயப்படாமல் சொல்கிறேன். மலர்வளையம் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எதனால் விழுந்தது என்று நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போவது எனக்குச் சகிக்காது. குடும்பம் வருத்தப்படும் என்பார்கள். வருத்தப்படுவது பெரும்பாலும் நிர்வாகம்தான்.

அமெரிக்காவில் 2008 இந்தத் தொழிலின் மிக மோசமான வருடம், மருத்துவ ஹெலிகாப்டர் விபத்துகளில் 29 பேர் இறந்தார்கள். அந்த ஜூன் 29இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில், ஒரே ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கொரு நோயாளியைக் கொண்டுவந்த இரண்டு ஹெலிகாப்டர்கள் ஆகாயத்திலேயே மோதி 7 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் விபத்து விசாரணை வாரியம் பொது விசாரணை வைத்தது, பைலட்டுகள், நர்ஸுகள், கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டது. 2014இல் புது விதிகள் வந்தன: தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி, கிளம்புமுன் ஆபத்தை மதிப்பிடுவது, பெரிய நிறுவனங்களுக்குத் தனிக் கட்டுப்பாட்டு மையம். ஆறு வருடம் ஆயிற்று, சரி, ஆனால் வந்தது.

இன்னொன்று. 2015 ஜூலை 3, கொலராடோவின் ஃபிரிஸ்கோ. மேலே எழும்பிய சில நொடிகளில் ஹெலிகாப்டர் கார் நிறுத்தத்தில் விழுந்தது, எரிபொருள் தீப்பிடித்தது. பைலட் இறந்தார், நர்ஸுகள் இருவருக்கும் படுகாயம், ஒருவருக்குக் கொடூரமான தீக்காயம். மோதினாலும் உடையாத எரிபொருள் தொட்டி வேண்டும் என்ற விதி 1994லேயே இருந்தது, ஆனால் புதிதாக அனுமதி வாங்கும் மாடலுக்கு மட்டும். பழைய மாடலை நேற்றுத் தயாரித்து இன்று விற்றாலும் பழைய தொட்டிதான், சட்டப்படி சரி! தப்பித்தவர்களும் குடும்பங்களும் விடாமல் பேசியதில் 2018இல் சட்டம் வந்து, புதிதாகத் தயாராகும் எல்லா ஹெலிகாப்டருக்கும் அந்தத் தொட்டி கட்டாயம் ஆனது. அங்கே போய்ப் பூ வைப்பவர்கள் அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைக்கட்டும்.

அப்புறம், எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. கிளம்ப மூன்று பேரும் சரி சொல்ல வேண்டும், நிறுத்த ஒருவர் வேண்டாம் என்றால் போதும். பல தளங்களில் நோயாளி யார், வயது என்ன, எவ்வளவு மோசம் என்று பைலட்டிடம் சொல்லவே மாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தை என்று காதில் விழுந்தால் மேகம் கொஞ்சம் உயரமாகத் தெரியும், மனுஷன்தானே. ஒருமுறை என்னோடு வந்த நர்ஸ், வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ரோட்டர் சுற்ற ஆரம்பித்த பிறகு 'எனக்குச் சரியாகப் படவில்லை சார்' என்றாள். அணைத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. மறுநாள் அவளை ஒரு அதிகாரி கூப்பிட்டு எவ்வளவு வருமானம் போயிற்று என்று கணக்குச் சொன்னாராம். அதே அதிகாரி வருடா வருடம் நினைவு நாளில் முன்னால் நின்று பேசுவார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கேட்டவர்: நர்ஸ் வேண்டாம் என்று சொன்னால், அந்த நோயாளிக்கு என்ன ஆகும் சார்?

பழைய பைலட்:

சாலை வழியாகப் போவார், அல்லது வானம் தெளியும் வரை அங்கேயே வைத்துப் பார்ப்பார்கள். சில சமயம் பிழைக்க மாட்டார், அதை மறைக்கவில்லை. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு கம்பெனி வானிலையைப் பார்த்து மறுத்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு அடிப்பார்கள், முன்னவர் மறுத்ததைச் சொல்லாமலே. கேட்டால் நோயாளிக்காகத்தான் என்பார்கள். அப்படிக் கிளம்பிப் போனவர்களின் பெயரும் நினைவுக் கல்லில் இருக்கிறது.

ஒரு பாராமெடிக்கின் மனைவி:

இங்கே எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். என் கணவர் இறந்தது இந்த வேலையில்தான். பைலட் அண்ணா எழுதியதை வாசித்தபோது கோபம் வரவில்லை, யாரோ கடைசியில் வாயைத் திறந்தார்களே என்றுதான் இருந்தது. எதனால் விழுந்தது என்று எனக்குத் தெரியும், அறிக்கையை வரி வரியாகப் படித்திருக்கிறேன், அந்த இயந்திரச் சொற்கள் எல்லாம் இப்போது எனக்குப் பாடம். நிகழ்ச்சியில் எல்லோரும் அதைத் தவிர்த்துப் பேசும்போதுதான் நான் மட்டும் வேறு அறையில் இருப்பதைப் போல இருக்கும்.

அமெரிக்காவில் அவசர மருத்துவப் பணியில் இறந்தவர்களுக்கு வருடாந்திர தேசிய நினைவு நிகழ்ச்சி உண்டு. குடும்பத்துக்கு ஒரு பதக்கம், நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் ஏற்றி இறக்கிய கொடி, ஒரு வெள்ளை ரோஜா தருவார்கள். சைக்கிளில் நெடுந்தூரம் வருகிற குழு ஒன்றும் இருக்கிறது, ஒவ்வொருவர் கழுத்திலும் இறந்த ஒருவரின் பெயர் பொறித்த தகடு தொங்கும், பிறகு அதைக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். தெரியாத ஒருவர், வழியெல்லாம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு மிதித்து வந்திருக்கிறார். கொடியைவிட அந்தத் தகடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கொலராடோவின் லிட்டில்டனில் ஏர் ஆம்புலன்ஸ்காரர்களுக்கென்றே தனி நினைவிடமும் இருக்கிறது.

ஆனால் பணம் பற்றியும் பேசுங்கள். அங்கே பணியில் இறந்த போலீஸ், தீயணைப்பு வீரர்களின் குடும்பத்துக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு. லாப நோக்கமில்லாத ஆம்புலன்ஸ் அமைப்பில் இருப்பவர்களை 2013இல் வந்த திருத்தம்தான் உள்ளே சேர்த்தது. லாபத்துக்கு நடத்தும் தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர் வெளியேதான். விழுந்த மலை அதேதான், தூக்கப் போன நோயாளியும் அப்படித்தான், சம்பளச் சீட்டில் யார் பெயர் என்பது மட்டும்தான் வித்தியாசம். மேடையில் வீரர் என்பார்கள், படிவத்தில் தகுதி இல்லை என்று வரும். இரண்டையும் ஒரே கையில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

நர்ஸ் அக்கா, நீங்கள் கேட்டதற்கு நேரடியாகச் சொல்கிறேன். அந்த இடது பக்கப் பையைப் பற்றிச் சொல்லுங்கள். ஜிப்புக்காகத் திட்டியதைச் சொல்லுங்கள். அவர் வேலையில் எப்படி இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாத பாதி. வீட்டுக்கு வந்தால் அவர் எதுவும் சொன்னதில்லை.

ஈஆர் வாசல்:

வேறு ஒரு பக்கம். நோயாளியோடு வரும் வழியில் விழுந்த ஒரு ஹெலிகாப்டருக்காக ஹெலிபேடில் காத்திருந்த குழுவில் நான் இருந்தேன், எங்கள் நினைவு நிகழ்ச்சியில் குழுவினர் பெயர் மட்டும்தான் வாசிப்பார்கள். நோயாளியும்தான் இறந்தார். அவருடைய தங்கை ஒருமுறை வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார். பிறகுதான் யாரென்று தெரிந்தது. பணியில் இறந்தவர்களுக்கான நிகழ்ச்சி, அதில் நோயாளி எப்படி வருவார் என்று ஒருவர் வாதாடினார், அதிலும் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் அழைப்பிதழாவது அனுப்பியிருக்கலாம்.

இரவு ஷிப்ட் நர்ஸ்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக உங்களுக்கு, பாராமெடிக்கின் மனைவி அக்கா. நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியாட்களின் பேச்சு இரண்டை வெட்டியாயிற்று, ஒருவர் ஏற்கெனவே கோபித்துக்கொண்டார். விசாரணை அறிக்கையின் முடிவுப் பகுதியை எங்கள் பாதுகாப்பு அதிகாரி வாசிப்பார், குடும்பங்களிடம் முன்பே கேட்டு, சம்மதம் சொன்ன பிறகு. நோயாளியின் வீட்டுக்கும் போன் செய்யப் போகிறேன், என்ன சொல்வார்களோ தெரியாது.

நோயாளியின் மகன்:

சிஸ்டர், நான் இந்தத் துறை இல்லை. என் அப்பாவை ஒரு குழு ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்தது. கூட வர எனக்கு இடம் இல்லை என்று அந்தக் குழுவின் நர்ஸ் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அவரே போன் பண்ணினார். பிறகு வேறொரு பறப்பில் அவர் இறந்துவிட்டார் என்று செய்தியில் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு என்னைப் போன்றவர்கள் வரலாமா? வந்தால் தொந்தரவாக இருக்குமா?

இரவு ஷிப்ட் நர்ஸ்:

தாராளமாக வாருங்கள் தம்பி. அந்தத் தளத்துக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள், நீங்கள் யார் என்று குடும்பத்திடம் அவர்களே சொல்வார்கள், அவர்கள் பேச விரும்பினால் வந்து பேசுவார்கள். அந்தப் போன் விஷயத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.