60 படத்துக்கு மீடியன் போட்டால் நட்சத்திரமே காணோம் (இமேஜ்மேஜிக்)

முட்டம்_கரை:
முட்டத்தில் கடல் பக்கம் பார்த்து எடுத்த ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து. வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லை. டிரைபாட், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா, 50 மிமீ லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, 5 விநாடி வீதம் 60 படம். டிசிரா (கேமராவின் ரா கோப்பை மாற்றும் நிரல்) வழியாக 16 பிட் டிஃப் ஆக்கி, இமேஜ்மேஜிக்கில் ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படத்திலிருந்தும் நடு மதிப்பை எடுக்கும் "-இவால்யுவேட்-சீக்வன்ஸ் மீடியன்" ஓட்டினால் "கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்" (மெமரி தீர்ந்தது) என்று நிற்கிறது. பத்துப் பத்தாகப் பிரித்து ஓட்டினால் முடிகிறது, ஆனால் வழுவழுவென்று வெறும் வானம்தான் வருகிறது. எதை மாற்றணும்?

கீரிப்பாறை_வானம்:
மீடியன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கு. அந்த லென்ஸில் ஒரு பிக்சல் சுமார் 16 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). அந்தப் பகுதி வானம் விநாடிக்கு 10 ஆர்க்செகண்ட் நகரும். ஆக ஒரு படத்துக்கு 3 பிக்சல், 60 படத்தில் 190 பிக்சல் நகர்ந்திருக்கும். எந்த பிக்சலிலும் ஒரு நட்சத்திரம் ஒன்றிரண்டு படத்துக்கு மேல் நிற்காது, மீடியன் அதைத் துடைத்துவிடும். முதலில் அலைன் பண்ணணும், அதாவது நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி படங்களை நகர்த்தணும். இமேஜ்மேஜிக்குக்கு அது வராது; சிரில்-சிஎல்ஐ (வானப் படங்களை அடுக்கும் நிரலின் கட்டளை வடிவம்) ஸ்கிரிப்டில் கன்வர்ட், ரெஜிஸ்டர், பிறகு "ஸ்டாக் ஆர்_லைட் ரெஜ் 3 3 -நார்ம்=ஆட்ஸ்கேல்".

அந்த வெறும் வானத்தை அழிச்சுடாதீங்க. கடல் மூடுபனியும் வள்ள வெளிச்சமும் சேர்ந்த கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் கூடிக் குறையும் பின்னணி வெளிச்சம்) அதுதான். அலைன் பண்ணுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு படத்திலிருந்தும் கழிக்கணும்: லைட் படம் (வானத்தை எடுத்த படம்), "-இவால்யுவேட் ஆட் 2%", அடுத்து பின்னணிப் படம், "-கம்போஸ் மைனஸ்_எஸ்ஆர்சி -கம்போசிட்". வரிசை மாறினால் படம் கறுத்துப்போகும். அந்த 2% இல்லாவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இரைச்சல் வெட்டுப்பட்டு, மங்கலான நட்சத்திரமும் கூடவே போகும்.

மெமரி விஷயம்: எச்டிஆர்ஐ பில்டில் (பிக்சல் மதிப்பைத் தசமமாக வைக்கும் இமேஜ்மேஜிக்) 60 படமும் சேர்ந்து சுமார் 17 ஜிபி. இமேஜ்மேஜிக்கின் வரம்புக் கோப்பான பாலிசி.எக்ஸ்எம்எல்-இல் மெமரி, டிஸ்க் இரண்டு வரம்பையும் ஏற்றுங்க.

தெற்கு_8_டிகிரி:
ஒரு எச்சரிக்கை. கொத்து அரை டிகிரிக்கு மேல் அகலம், அதாவது 100 பிக்சலுக்கு மேல். 190 பிக்சல் நகர்வில் அது முழுசாக அழியாது. பின்னணியில் ஒரு மங்கல் திட்டு தங்கும், கழித்தால் கொத்தின் ஓரத்தைத் தின்னும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள வானத்தை வைத்து நிரப்பிவிட்டு, பெரிய ஆரத்தில் பிளர் போட்டுக் கழிங்க. மூலை இருட்டுக்குக் கழித்தல் போதாது, ஃபிளாட் (சீரான வெளிச்சப் பரப்பின் படம்) எடுத்து வகுக்கணும்.

டிசிராவில் "-4" போட்டீங்களா? போடாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக வெளிச்சம் ஏற்றிவிடும், கழித்தலே பொருந்தாது.

முட்டம்_கரை:
"-4" போட்டிருக்கேன். டார்க் (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) எப்போது கழிக்கணும்?

கீரிப்பாறை_வானம்:
டிமோசைக்குக்கு (சென்சாரின் ஒற்றை நிறப் பிக்சல்களைக் கலர்ப் படமாக்கும் படிக்கு) முன்னால். பின்னால் கழித்தால் ஹாட் பிக்சல் (இருட்டிலும் பளிச்சென்று தெரியும் பிக்சல்) ஏற்கனவே பக்கத்துப் பிக்சலுக்குப் பரவியிருக்கும். டார்க்கை "-டி -4 -ஜே -டி 0" என்று மாற்றுங்க. முதல் டி ஆங்கிலப் பெரிய எழுத்து (D), அடுத்தது வேறு எழுத்து, சின்னது (t). அப்போது வரும் பிஜிஎம் கோப்புகளுக்கு மீடியன் எடுத்து, "-டெப்த் 16" போட்டுச் சேமித்து, டிசிராவுக்கு "-கே" வழியாகக் கொடுங்க, அதுவும் பெரிய எழுத்து. நம்ம ஊர்ச் சூட்டில் சென்சார் இரவு முழுக்க மாறிக்கொண்டே இருக்கும், அதனால் டார்க்கை லைட் முடிந்த கையோடு, அதே இடத்தில், மூடி போட்டு எடுத்துடணும்.